விலங்கு மூச்சு விடும் இடம்

கொன்ட்ராபசூன் வாசிப்பவர்களுக்குச் சிம்பொனி இசைக்குழுவில் தனித்துப் பேசக் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு. கருவி என்னவோ பெரியது. நிறுத்தி வைத்தால் என் தோளைத் தொடும். மடித்து மடித்து வைத்திருக்கும் அதன் குழாயை நேராக்கினால் ஐந்தரை மீற்றர் அளவில் வரும். தாளில் எழுதியிருக்கும் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். ஆனால் பெரும்பாலான மாலைகளில் டபிள் பேஸ்காரர்களின் அடிச்சுரத்தோடு சேர்ந்து நின்று அதற்குத் தடிப்புக் கொடுப்பது மட்டுமே எங்கள் வேலை. நாங்கள் வாசித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே சபையில் பலருக்குத் தெரியாது.

அப்படிப்பட்ட எங்களுக்கு ஒரு முழுப் பாத்திரத்தைத் தந்தவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் ரவெல். அவருடைய ‘மா மேர் லுவா’வை இங்கிலாந்தில் ‘மதர் கூஸ்’ என்பார்கள். பழைய தேவதைக் கதைகளை வைத்து எழுதிய ஐந்து பகுதிகள். வாசித்து முடிக்கப் பதினைந்து, பதினாறு நிமிடம் போதும். நான்காவது பகுதியில் அழகியும் விலங்கும் உரையாடுகிறார்கள். அழகிக்குக் கிளாரினெட். விலங்குக்குக் கொன்ட்ராபசூன்.

லண்டனில் நிரந்தரக் கதிரை என்று எதுவும் இல்லாமல், கூப்பிடும் இசைக்குழுக்களுக்குப் போய் வாசித்துப் பிழைப்பவள் நான். இந்த விலங்காகப் பல மேடைகளில் இருந்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லா ஒத்திகையிலும் யாராவது ஒருவர், நடத்துநரோ பக்கத்துக் கதிரைக்காரரோ, “கொஞ்சம் வேடிக்கையாக வாசிக்கலாமே, பிள்ளைகளுக்கான இசைதானே” என்பார். நான் மறுப்பேன். மறுப்பதற்கான காரணத்தை முழுதாகச் சொல்ல ஒத்திகையில் நேரம் கிடைப்பதில்லை. இங்கே சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கான இசை என்பது உண்மைதான். எந்தப் பிள்ளைகள் என்றும் தெரியும். சிபா கொதெப்ஸ்கி, ஈடா என்ற தம்பதி ரவெலுக்கு நெருங்கிய நண்பர்கள். அவர்களுடைய பிள்ளைகள் மிமி, ழோன். ரவெல் திருமணம் செய்துகொள்ளாதவர், பிள்ளைகள் இல்லாதவர், உருவத்திலும் சிறியவர். மிமி வளர்ந்த பிறகு எழுதிய நினைவுக் குறிப்பில், பெற்றோரின் நண்பர்களில் தனக்கு மிகவும் பிடித்தவர் ரவெல்தான் என்கிறார். காரணம், அவர் கதை சொல்வார். மடியில் ஏறி உட்கார்ந்தால் போதும், அலுக்காமல் ஒரு கதையைத் தொடங்கிவிடுவார்.

அந்தப் பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பியானோவில் வாசிப்பதற்காக 1908 முதல் 1910 வரை இந்த ஐந்து பகுதிகளையும் எழுதினார். சின்ன விரல்கள் எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்துக்குள்ளேயே சுரங்களை வைத்தார். ஆனாலும் அந்தப் பிள்ளைகளுக்கு அது பரிசாகத் தெரியவில்லை, பயிற்சி செய்யவேண்டிய இன்னொரு பாடமாகத்தான் தெரிந்தது. மேடையில் ஏறி முதலில் வாசிக்கவேண்டும் என்ற எண்ணமே தன்னை நடுங்கவைத்தது என்று மிமி எழுதுகிறார். கடைசியில் 1910 ஏப்ரல் 20 அன்று பாரிஸில் அதை அரங்கேற்றியவர்கள் வேறு இரண்டு சிறுமிகள்: ழான் லெலூ, ழெனவியேவ் துரோனி. இந்த லெலூ பின்னாளில் இசையமைப்பாளராகி 1923இல் ‘ப்ரி த ரோம்’ பரிசை வென்றார். ரவெல் ஐந்து முறை முயன்றும் அந்த முதற்பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. இந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏனோ மிகுந்த மகிழ்ச்சியாக இருந்தது.

1911இல் ரவெல் இதை இசைக்குழுவுக்கு எழுதினார். பிறகு முன்னுரையும் இடையிசைகளும் சேர்த்துப் பாலே ஆக்கினார். பாலேயில் பகுதிகளின் வரிசை மாறும், என் பகுதி முன்னுக்கு வந்துவிடும். நான் அதிகம் வாசித்திருப்பது ஐந்து பகுதித் தொகுப்பைத்தான்.

இசைக்குழுவுக்கு எழுதியபோது அவர் எதை விட்டார் என்று பாருங்கள். ட்ரம்பெட் இல்லை, ட்ரொம்போன் இல்லை, டியூபா இல்லை. ஹோர்ன் இரண்டே இரண்டு. குழல் வகைகளில் ஒவ்வொன்றும் இவ்விரண்டு. அவற்றிலும் இரண்டாமவர்கள் இரட்டை வேலை செய்யவேண்டும். இரண்டாவது புல்லாங்குழல் பிக்கொலோவுக்கு மாறும். இரண்டாவது ஓபோ கோர் அங்கிலேக்கு மாறும். இரண்டாவது பசூன் கொன்ட்ராபசூனுக்கு மாறும். அந்த இரண்டாவது பசூன் நான். மற்றப்படி தந்திகள், ஹார்ப், செலெஸ்டா, சைலபோன், மணிகள், கொங், சில தாளக் கருவிகள். பிள்ளைப் பருவத்தின் கவித்துவத்தை எழுப்பவேண்டும் என்ற நோக்கமே தன் நடையை எளிமையாக்கவும் எழுத்தை மெலிதாக்கவும் வைத்தது என்று ரவெல் 1928இல் தன் வாழ்க்கைச் சுருக்கத்தைச் சொல்லி எழுதவைத்தபோது குறிப்பிட்டார்.

மெலிதான எழுத்து கேட்பவருக்கு இதம். வாசிப்பவருக்கு அப்படியல்ல. மாலரின் பெரிய சிம்பொனி ஒன்றில் நூறு பேருக்கு நடுவில் என் சுரம் ஒரு மயிரிழை தாழ்ந்தால் நடத்துநருக்கே தெரியாமல் போகலாம். ரவெலின் இந்த இசையில் ஒளிந்துகொள்ள ஆளில்லை. முதற்பகுதியான ‘உறங்கும் அழகியின் பவான்’ மொத்தம் இருபது பார்தான் (தாளக் கோடுகளுக்கு நடுவில் வரும் ஒவ்வொரு கட்டையும் நாங்கள் பார் என்போம்). ஒரு புல்லாங்குழல் எழுந்து நடக்கிறது, அதன் கீழே மிகக் குறைந்த துணை. இருபது பாரும் மெதுவாக, அமைதியாக. அனுபவம் மிகுந்த புல்லாங்குழல்காரர்கள் அந்த முதல் சுரத்துக்கு முன் எவ்வளவு நேரம் உதட்டை நனைக்கிறார்கள் என்பதைப் பின்வரிசையிலிருந்து கவனித்திருக்கிறேன். கடினமான கொன்செர்ட்டோவுக்கு முன்கூட அவர்கள் அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

இங்கிலாந்தில் இந்த வகை இசைக்கு வேறொரு செல்லப்பிள்ளை உண்டு: எட்வர்ட் எல்கரின் ‘தி வாண்ட் ஒஃப் யூத்’. சிறுவயதில் உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து போட நினைத்த நாடகத்துக்காகக் குறித்து வைத்த மெட்டுகளை, ஐம்பது வயதில் எடுத்துச் செப்பனிட்டு, 1907இலும் 1908இலும் இரண்டு தொகுப்புகளாக வெளியிட்டார். அழகான இசை. வாசிக்கும்போதெல்லாம் என் மனம் கனியும். ஆனால் அதில் ஒரு பெரியவர் நின்று பின்னால் திரும்பிப் பார்க்கிறார். ஏக்கம் அவருடையது. தெபுசி தன் மகளுக்காக 1908இல் முடித்த ‘சில்ட்ரன்ஸ் கோர்னர்’ (அதை இசைக்குழுவுக்கு மாற்றியவர் அவருடைய நண்பர் அந்த்ரே கப்லே) பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பனின் இசை. ரவெல் திரும்பியும் பார்ப்பதில்லை, மேலிருந்தும் பார்ப்பதில்லை. கதை கேட்கும் பிள்ளைக்கு அந்தக் கதை எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மையாக அதை எடுத்துக்கொள்கிறார். மடியில் இருக்கும் பிள்ளை காட்டில் தொலைந்தவனுக்காக நிஜமாகவே பயப்படுகிறது. அந்தப் பயத்துக்கு அவர் மரியாதை கொடுக்கிறார்.

இதை நான் இரண்டாவது பகுதியில்தான் உணர்ந்தேன். ‘பெத்தி பூசே’, கட்டைவிரல் அளவுப் பையன். பாதை தெரியவேண்டும் என்று ரொட்டித் துணுக்குகளைப் போட்டுக்கொண்டு போகிறான். திரும்பி வரும்போது பறவைகள் எல்லாவற்றையும் தின்றுவிட்டிருக்கின்றன. வயலின்கள் மூன்றாம் இடைவெளியில் ஒட்டி ஒட்டி நடக்கத் தொடங்கும். முதலில் பாருக்கு இரண்டு அடி, அடுத்தது மூன்று, பிறகு நான்கு, பிறகு ஐந்து. தாளம் இப்படி நீண்டுகொண்டும் மாறிக்கொண்டும் இருப்பதால் எந்த இடத்தில் காலை அழுத்தி வைப்பது என்று காதுக்குப் பிடிபடுவதில்லை. அதன் மேலே ஓபோ தனியாகப் பாடும். நடுவில் தனி வயலின்கள் தந்தியில் விரலை வழுக்கிக் கீச்சிட, புல்லாங்குழல்கள் சேர்ந்துகொள்ள, பறவைகள் வந்து போகும். அவை கெட்ட பறவைகள் அல்ல. பசித்தன, தின்றன. ரவெல் அவற்றின்மேல் எந்தக் கோபமும் காட்டவில்லை. அதுதான் எனக்கு மிகப் பெரிய விசயம்.

இலங்கைப் போரின்போது, 1995 ஒக்ரோபர் 30ஆம் தேதி, யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து நடந்த லட்சக்கணக்கானவர்களில் நானும் ஒருத்தி. பத்து வயது. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய தெருவில் ஆட்கள் நெருங்கி நின்றதால் நடப்பதும் நிற்பதுமாக இருந்தது. இரண்டு அடி வைப்போம், நிற்போம். நான்கு அடி, நிற்போம். அம்மம்மா என் கையைப் பிடித்திருந்தா. அந்த இரவில் அழுத ஞாபகம் எனக்கில்லை. அடி எண்ணிய ஞாபகம்தான் இருக்கிறது. எத்தனை அடிக்குப் பிறகு நிற்போம் என்று முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்று நினைத்து எண்ணினேன், ஒவ்வொரு முறையும் பிழைத்துப் போனது.

ஆகவே ‘பெத்தி பூசே’யை வேகமாகக் கொண்டுபோகும் நடத்துநர்களை என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. வேகம் கூடினால் அந்த இரண்டு, மூன்று, நான்கு எல்லாம் ஒன்றாகக் கலந்து வழவழப்பான ஒரு ஓட்டமாகிவிடும். தொலைந்துபோன பிள்ளை ஓடாது. கவனமாக நடக்கும். ரவெலுக்கு இது எப்படித் தெரிந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, அவர்கள் கதை கேட்கும்போது முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தவருக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாவது பகுதி பாகோடாக்களின் அரசியைப் பற்றியது. கதையில் பாகோடாக்கள் என்னும் குட்டிப் பொம்மை உயிர்கள் வாதுமைக்கொட்டை ஓடுகளில் செய்த வாத்தியங்களை வாசிக்கின்றன. பியானோவின் கறுப்புக் கட்டைகளில் பிறந்த மெட்டு என்பதால் நம் காதுக்குச் சட்டென்று மோகனம் தட்டும். ஆனால் ராகமாக வளர்த்துப் போகும் எண்ணம் அதில் இல்லை. பிக்கொலோவும் சைலபோனும் செலெஸ்டாவும் ஓடிப்பிடித்து விளையாடும். சபைக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. என் மனம் அந்நேரம் முழுதும் அதில் இருப்பதில்லை, ஏனென்றால் இது முடிந்தவுடன் நான் கருவி மாற்றவேண்டும்.

இந்த மாற்றம் சபைக்குத் தெரியாது. பசூனைத் தாங்கியில் வைத்துவிட்டு, பக்கத்தில் முள்ளூன்றி நிற்கும் கொன்ட்ராபசூனை இழுத்துச் சாய்த்து, அதன் வளைந்த ஊதுகுழலை வாய்க்கு நேரே கொண்டுவர வேண்டும். மேடைக்கு வந்ததிலிருந்து அது சும்மா நின்றிருக்கிறது. ஆறியிருக்கும். ஆறிய மரக்கருவி சுருதி தாழ்ந்து ஒலிக்கும். அதனால் மூன்றாவது பகுதியில் எனக்கு ஓய்வு வரும் பார்களில் குனிந்து, சத்தம் வராமல் அதற்குள் சுடுமூச்சை ஊதுவேன். முந்தைய வேலையில் தேங்கிய நீரை முன்பே வடித்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் விலங்கின் முதற் சொல்லில் ஒரு கொப்புளம் வெடிக்கும்.

சீவாளி இன்னொரு கவலை. பசூன் சீவாளியும் நாயனச் சீவாளியும் ஒரே தத்துவத்தில் வேலை செய்பவைதான்: இரண்டு தட்டை உதடுகள், நடுவில் மூச்சு. எங்களுடையது பெரும்பாலும் பிரான்சின் தெற்கே வார் பகுதியில் விளையும் நாணலில் செய்தது. கடையில் வாங்கியதை அப்படியே நம்ப முடியாது. கத்தியால் சுரண்டி, ஊதிப் பார்த்து, மறுபடி சுரண்டி, நல்லதொன்று அமைந்தால் அதை ஒரு சிறு பெட்டியில் காப்பாற்றி வைக்கவேண்டும். கொன்ட்ராபசூன் சீவாளி இன்னும் அகலம். பெரிதாகவும் முரடாகவும் ஒலிக்கவேண்டுமென்றால் அதைத் தடிப்பாக விடலாம். ரவெலுக்கு நான் மெல்லியதாகவே சுரண்டுகிறேன். மெல்லிய சீவாளியில் அடிச்சுரம் தாமதமில்லாமல் பேசும், மெதுவாக ஊதினாலும் உடையாது. பாடசாலையில் யாரும் எடுக்காமல் அலுமாரியில் கிடந்த பசூனை நான் முதன்முதல் வீட்டுக்குக் கொண்டுபோய் ஊதியபோது அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, “இது நாயனத்தின்ரை பெரியப்பா போல கிடக்கு, பிள்ளை” என்றா. கொன்ட்ராபசூனை அவ அப்போது காணவில்லை.

இனி விலங்கு.

அழகியின் மெட்டு முதலில் வரும். மிதமான வோல்ஸ், கிளாரினெட், மிகவும் நேர்த்தியான, நன்றாக வளர்க்கப்பட்ட ஒரு பெண்ணின் பேச்சு. அது தன் வாக்கியத்தை முடித்த பிறகு நான் கீழிருந்து தொடங்குகிறேன். என் மெட்டு அரைச்சுரம் அரைச்சுரமாக நகரும் தயங்கிய வரி. நேராக ஒரு சுரத்தைச் சென்று தொடும் தைரியம் அதற்கு இல்லை. பிறகு அழகி மறுபடி பேசுவாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில். இசை வேகம் எடுத்து உச்சிக்குப் போய்ச் சட்டென்று நிற்கும்.

அச்சிட்ட ஸ்கோரில் இந்தப் பகுதியின் தலையில் ரவெல் கதையிலிருந்து உரையாடலை எடுத்துப் போட்டிருக்கிறார். லெப்ரான்ஸ் த போமோன் எழுதிய கதை. நல்ல மனத்தை நினைத்தால் நீ அவ்வளவு அவலட்சணமாகத் தெரியவில்லை என்கிறாள் அழகி. மனம் நல்லதுதான், ஆனாலும் நான் விலங்குதானே என்கிறது அது. மணந்துகொள்வாயா என்று கேட்கிறது, மாட்டேன் என்கிறாள். கடைசியில் அது சாகக் கிடக்கிறது. உன்னை மறுபடி பார்த்துவிட்டதால் நிம்மதியாகச் சாகிறேன் என்கிறது. இதைப் படித்துவிட்டு எப்படி வேடிக்கையாக வாசிப்பது? தன் குரலைப் பற்றி வெட்கப்படும் ஒருவர், அந்தக் குரலிலேயே மிக முக்கியமான கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் என் பார்ட்டில் எழுதியிருப்பது.

கொன்ட்ராபசூனைக் கோமாளியாகப் பயன்படுத்துவது பழைய பழக்கம். தாழ்ந்த குரல் என்றால் சிரிப்பு என்று பலர் வைத்திருக்கிறார்கள். ரவெல் அப்படி வைத்திருக்கவில்லை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. முதல் உலகப்போரில் வலக்கையை இழந்த பியானோக் கலைஞர் பவுல் விட்கன்ஸ்டைனுக்காக 1930இல் எழுதி முடித்த இடக்கைக் கொன்செர்ட்டோவை, இருட்டிலிருந்து எழும் கொன்ட்ராபசூனில்தான் அவர் தொடங்குகிறார். அங்கே சிரிக்க யாருக்கும் தோன்றாது. இருபது வருட இடைவெளியில் அவர் இந்தக் கருவியிடம் கேட்டது இரண்டு முறையும் கௌரவமான வேலை.

வேடிக்கை வாசிப்பு எப்படியிருக்கும் என்று சபையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பாடசாலைப் பிள்ளைகளுக்கான பகல்நேரக் கச்சேரி. வாசித்தவர் முதல் சுரத்தை உறுமலாக வெடித்தார். அரங்கம் முழுக்கச் சிரிப்பு. பிள்ளைகளுக்கு அது பிடித்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் விலங்கின் கேள்வி முடிந்துவிட்டது, அழகியின் பதிலும் பாதி போய்விட்டது. அதற்குப் பிறகு அவர்கள் அடுத்த உறுமலுக்காகக் காத்திருந்தார்கள். யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்பது போயே போய்விட்டது.

நான் செய்வதைச் சொல்கிறேன். தொடக்கத்தில் நாக்கால் தட்டுவதில்லை. மூச்சை மட்டும் விட்டு, சீவாளி தானாக அதிரத் தொடங்கும்வரை பொறுக்கிறேன். இந்த அளவு குழாயில் சுரம் எழும்ப நேரமெடுக்கும் என்பதால் நடத்துநரின் கைக்குச் சற்று முன்பே தொடங்கவேண்டும். எவ்வளவு முன் என்பது அரங்கத்தைப் பொறுத்தது, அன்றைய சீவாளியைப் பொறுத்தது. கிளாரினெட்காரரும் நாங்களும் வழக்கமாக ஒரே வரிசை. அவர் பக்கத்தில் முதல் பசூன், அதற்கப்பால் நான். அவருடைய தோள் எனக்குத் தெரியும். அழகி மூச்சு எடுக்கும்போது அந்தத் தோள் உயரும், அதைப் பார்த்தே நான் என் மூச்சை வைத்துக்கொள்கிறேன். பியானோவில் இது இரண்டு பிள்ளைகள் ஒரே வாங்கில் உட்கார்ந்து, ஒருவர் அழகியாகவும் மற்றவர் விலங்காகவும் வாசிக்க எழுதப்பட்டது. முழங்கை முழங்கையில் இடிக்கும் அந்த நெருக்கம் இசைக்குழுவிலும் வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஒத்திகைக்கு முன் கிளாரினெட்காரரைத் தேடிப் போய், இருவருமாகத் தனியே ஒரு முறை வாசித்துப் பார்க்காமல் நான் மேடைக்குப் போவதில்லை.

பிறகு, மூச்சு. ஓபோ வாசிப்பவர்களுக்கு மூச்சு மிஞ்சும். சிறு துவாரத்தில் போகாமல் நெஞ்சில் தேங்கும் காற்றை வெளியேற்றுவதுதான் அவர்கள் பாடு. எங்களுக்கு எதிர்மாறு. பெரிய குழாய் விழுங்கிக்கொண்டே இருக்கும். விலங்கின் வரியை ஒரே மூச்சில் இழுப்பது கடினம், ஆகவே எங்கே வெட்டுவது என்று முன்பே தீர்மானித்துப் பென்சிலால் குறித்துக்கொள்வோம். நான் படித்த முறையில், மூச்சு எடுத்ததே தெரியாத இடத்தில் எடுக்கவேண்டும்: நீண்ட சுரத்துக்குப் பின்னால், தந்திகள் நிரப்பிக்கொள்ளும் இடத்தில்.

ஒரு பகல் கச்சேரி முடிந்து பிள்ளைகள் கருவிகளைப் பார்க்க மேடைக்கு வந்தார்கள். எட்டு வயதிருக்கும் ஒரு பையன் என் கருவியைச் சுற்றி வந்து அடியிலிருந்து நுனிவரை பார்த்துவிட்டுக் கேட்டான்: “நடுவில் மூச்சு முட்டியது உங்களுக்கா, விலங்குக்கா?” அவன் கேட்டிருக்கிறான். தந்திகளுக்குப் பின்னால் நான் மறைத்துவிட்டதாக நினைத்த மூச்சு அவனுடைய கதைக்குள் இருந்திருக்கிறது. “இரண்டு பேருக்கும்” என்றேன். அந்தப் பதில் அவனுக்குப் போதுமானதாக இருந்தது, ட்ரம்ஸைப் பார்க்கப் போய்விட்டான்.

எனக்குத்தான் வேலை வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து நான் மூச்சை மறைக்கும் இடங்களைத் தேடுவதை விட்டேன். தைரியம் போதாமல் ஒருவர் பேச்சை எங்கே நிறுத்துவார்? கேள்வியைக் கேட்பதற்குச் சற்று முன். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்ற இடத்தில். அங்கெல்லாம் மூச்சுக்குறி போட்டேன். சில நடத்துநர்கள் வரியை முறிக்காதீர்கள் என்று சொல்வார்கள். கதையின் உரையாடலை எடுத்துக் காட்டுவேன். பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

உச்சிக்குப் பிறகு அந்த நிசப்தம் வரும், ஹார்ப் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும், மந்திரம் முறியும். விலங்கின் மெட்டு இப்போது தனி வயலினில், மிக உயரத்தில், தந்தியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் சன்னமான ஒலியில் வரும். அதே வரி. நான் கீழே பயந்து பயந்து வைத்த அதே அரைச்சுரங்கள். இளவரசனுக்கு ரவெல் புது மெட்டு எழுதவில்லை. விலங்கு பேசியதையே அவனும் பேசுகிறான். இதனால்தான் நான் முன்பு அதைக் கேலிச் சத்தமாக்கிவிடக் கூடாது. சபை அந்த வரியை என்னிடம் ஒரு மெட்டாகக் கேட்டிருந்தால்தான் வயலினில் அதை அடையாளம் காணும். உறுமலாக மட்டும் கேட்டவர்களுக்கு மேலே வருவது ஏதோ ஒரு புது அழகு. மாறியது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. கதை அங்கே அறுந்துபோகிறது.

ஐந்தாவது பகுதி ‘தேவதைத் தோட்டம்’. தந்திகள் மட்டும் மெதுவாகத் தொடங்க, நாங்கள் கருவியை மடியில் வைத்துக் காத்திருப்போம். கடைசியில் மணிகளும் ஹார்ப்பும் செலெஸ்டாவும் சேர்ந்து முழு வெளிச்சமாகும். ட்ரம்பெட் ஒன்றுகூட இல்லாமல் அவ்வளவு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

இப்போது நான் வாரக் கடைசிகளில் இளையோர் இசைக்குழுவொன்றில் பசூன் வரிசைக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பார்ட்டுகள் பலர் கைமாறி வரும். முன்பு வாசித்தவர்களின் பென்சில் குறிகள் அழியாமல் இருக்கும்: கவனம் என்பதற்கு மூக்குக்கண்ணாடிப் படம், சுருதிக்கு அம்புக்குறி, விலங்கு வரும் இடத்தில் கொம்பும் பல்லும் வைத்த ஒரு முகம். அந்த முகத்தை நான் அழிப்பேன், மற்றவற்றை விட்டுவைப்பேன். போன பருவத்தில் பதினாறு வயதுப் பெடியன் ஒருவன் அந்தப் பார்ட்டை வாசித்தான். என் மூச்சுக்குறிகளைக் காட்டினேன், காரணமும் சொன்னேன். தலையாட்டினான். ஒத்திகையில் என் குறிகளில் இரண்டை அப்படியே தாண்டிப் போனான். வரி முடிய ஒரே ஒரு சுரம் மிச்சமிருக்கும் இடத்தில், யாரும் மூச்சு எடுக்கத் துணியாத இடத்தில், நின்று, எடுத்து, கடைசிச் சுரத்தை மட்டும் தனியாக வைத்தான். ஏன் அங்கே என்று கேட்டேன். “பாதி சொல்லிப்போட்டு, மிச்சத்தையும் சொல்லத்தான் வேணுமோ எண்டு அது யோசிக்குது, மிஸ்” என்றான். கிளாரினெட் வாசித்த பிள்ளை அவன் நிற்பதைக் கண்டு தன் தொடக்கத்தைச் சற்றுத் தள்ளிவைத்தாள். நடத்துநர் இருவருக்கும் இடம் விட்டார். அடுத்த மாதம் இன்னொரு குழுவில் எனக்கு இதே பகுதி இருக்கிறது. அவன் நின்ற இடத்தில் என் பார்ட்டிலும் ஒரு குறி போட்டிருக்கிறேன், அந்தக் குழுவின் கிளாரினெட்காரரோடு முதலில் பேசவேண்டும்.